நடக்க ஓர் இடம்

2019 கோடையில் வடசென்னையின் டோல்கேட்டில் வாக்கிங் போக இடம் கிடையாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நடுவே மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வழி நெடுகத் தகரத் தடுப்பு. தடுப்புக்கும் கடைகளுக்கும் நடுவே மிச்சமிருந்த சந்தில்தான் பஸ், ஷேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் போய் வர வேண்டும். கிழக்கே போனால் எண்ணூர் விரைவுச்சாலை. துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அவற்றுக்கிடையே புகுந்து சாலையைக் கடந்தாலும் கால் வைக்க மணல் இல்லை. கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் கரை. இப்படிப்பட்ட இடத்தில், ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த என்னிடம், "தினமும் அரை மணி நேரம் நடக்கணும்மா, கட்டாயம்" என்றார் சுகாதார நிலையத்து டாக்டர்.

கட்டாயம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தாண்டியிருந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை. எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது என்று அத்தை சண்டைக்கே போய்விட்டார். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்கும், அதை ஈடுகட்டும் அளவுக்கு உடம்பால் கூடுதலாகச் சுரக்க முடியாவிட்டால் சர்க்கரை ஏறும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை தாயின் ரத்தத்தில் ஏறினால் பிள்ளைக்கும் ஏறும், பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிரசவம் சிக்கலாகும். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றி, நடந்து பார்க்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வராவிட்டால் பிறகுதான் மாத்திரை, இன்சுலின்.

இந்தச் சோதனை எங்கள் ஊரில் வேர்விட்டது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் வி. சேஷய்யா, கர்ப்பிணிகளின் சர்க்கரைக்காக வாழ்நாளைச் செலவிட்டவர். வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வா என்று சொல்லி அனுப்பினால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வர எத்தனை பெண்களால் முடியும்? சாப்பிட்டு வந்திருந்தாலும் சரி, சாப்பிடாமல் வந்திருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஊசி என்ற எளிய முறைக்காக அவரும் அவரோடு இருந்தவர்களும் விடாமல் வாதாடினார்கள். இன்று அரசு சுகாதார நிலையங்களில் நடப்பது அந்தச் சோதனைதான். அவர் பிறந்த மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரைக்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று சுகாதார நிலையத்துப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மீன் வலை பின்னும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அவளுக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நடப்பதைப் பற்றி வீட்டில் சொன்னபோது அத்தை கேட்ட கேள்வியை எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பார்கள். "காலைலேந்து குனிஞ்சு நிமிந்து வேலை செய்றியே, அது போதாதா? அந்தக் காலத்துல நாங்க என்ன வாக்கிங்கா போனோம்? ஆட்டுக்கல்லுல மாவாட்டினோம், சுகப்பிரசவம் ஆச்சு."

அடுத்த வாரம் இதையே சுகாதார நிலையத்து சிஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "தண்ணி தூக்கறப்ப மூச்சு வாங்கினா நடுவுல நிறுத்துவியா? கீழ வெச்சா பின்னாடி நிக்கிறவ விடுவாளா? நடக்கும்போது முடியலன்னா நின்னுடலாம். அதான் வித்தியாசம்" என்றார்.

அந்தப் பதிலை நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலை என்பது உடம்பைக் கேட்டு நடப்பதில்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வைக்கும், கனத்தைத் தூக்க வைக்கும், குனிந்தபடியே இருக்க வைக்கும். கர்ப்பத்தில் மூட்டுகளைக் கட்டும் நார்கள் தளர்ந்திருக்கும். வயிறு முன்னால் தள்ள, இடுப்பு பின்னால் வளையும். அந்த நேரத்தில் நீண்ட நேரம் நிற்பதும் பாரம் தூக்குவதும் உடம்பைச் சோர்வாக்குமே தவிர வலுவாக்காது. சீரான நடையோ வேறு. தொடையிலும் ஆடுதசையிலும் உள்ள பெரிய தசைகள் இயங்கும்போது, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் டாக்டர் அரை மணி நேரத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பத்து நிமிஷம் நடந்தாலும் போதும் என்றார். எனக்கு அது பெரிய விடுதலை. அரை மணி நேரத்தை யாரும் எனக்குச் சும்மா தரமாட்டார்கள். பத்து நிமிஷத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

இடம் மட்டும்தான் பாக்கி. முதலில் மொட்டை மாடி. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று தோளோடு ஒட்டியிருக்கும். கைப்பிடிச் சுவரும் துணிக்கொடியும் தவிர்த்தால் மாடியில் இருபது தப்படி தேறும். விடிவதற்கு முன்னாலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் ஏற முடியும். நடுவில் தளம் கொதிக்கும். கர்ப்பிணிக்கு உடம்பு சூடேறக் கூடாது, தலை சுற்றும் என்று சிஸ்டர் எச்சரித்திருந்தார். சாயங்காலத்தில் கடல் காற்று வரும். சில நாள் ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பிவிடும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நடப்பேன். வடசென்னையில் மாசமாக இருப்பவள் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்விடுவேன். வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வெளிப் பிராகாரத்தைச் சுற்றுவேன். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்லும் மகிழ மரத்தின் தலம் அது. விசாலமான கல்தளம், வண்டி கிடையாது, புகை கிடையாது, முடியாவிட்டால் உட்காரத் திண்ணை உண்டு, வயிற்றோடு நடக்கும் பெண்ணை யாரும் முறைத்துப் பார்க்கமாட்டார்கள். இதையெல்லாம் சேர்த்துத் தரும் வேறு இடம் அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து அன்று இல்லை. ஒரு மாநகராட்சிப் பூங்கா இதைச் செய்ய வேண்டும். எங்களுக்குச் சோழர் காலத்துக் கோயில் செய்தது.

எவ்வளவு வேகம் என்பதற்கு சிஸ்டர் சொன்ன அளவுகோல் இன்றும் நினைவிருக்கிறது: நடக்கும்போது பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது. பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நிம்மதியாகப் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். 1985-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம், கர்ப்பிணியின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று விதி போட்டிருந்தது. ஆதாரம் போதாது என்று 1994-இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனம், சிக்கல் இல்லாத கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று எழுதியது. அந்த சிஸ்டர் அதற்கு முன்னாலேயே எங்களுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

நடையோடு வேறு சிலவும் சொல்லிக் கொடுத்தார். சுவரில் கை ஊன்றி மெல்ல உட்கார்ந்து எழுவது. கையையும் முட்டியையும் ஊன்றி முதுகை மேலே வளைத்து இறக்குவது. மல்லாந்து படுத்துச் செய்யும் எதையும் நாலாம் மாதத்துக்கு மேல் வேண்டாம் என்றார். கனத்த கர்ப்பப்பை முதுகுத்தண்டை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தினால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறைந்து மயக்கம் வரும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் அதனால்தான். விழ வாய்ப்புள்ளது, வயிற்றில் அடிபட வாய்ப்புள்ளது எதுவும் கூடாது. ரத்தம் பட்டால், தண்ணீர் கசிந்தால், வயிறு விட்டு விட்டு இறுகினால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுதசை வலித்தால், பிள்ளை அசைவு குறைந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், ரத்த அழுத்தம் ஏறியவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. இவ்வளவையும் வரிசையில் நின்ற முப்பது பெண்களுக்கு நடுவில் அவர் எனக்குச் சொன்னார். அடுத்தவளுக்கும் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

என் சித்தி மகளுக்கு நேர்மாறாக நடந்தது. அவள் பார்த்துக்கொண்ட தனியார் மருத்துவமனையில் காரணம் சொல்லாமல் மாதக்கணக்கில் பெட் ரெஸ்ட் என்று எழுதிவிட்டார்கள். படுத்தே இருந்தவளுக்குக் கால் தசைகள் இளைத்தன, மனசும் இளைத்தது. படுக்கையில் கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை, காலில் ரத்தம் உறைய வாய்ப்புக் கூடும் என்பதை இன்று மருத்துவ உலகமே ஏற்கிறது. படு என்று சொன்னால் ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்டால் நல்ல டாக்டர்கள் கோபிப்பதில்லை.

ஜூன் மாதம் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்துக்கு வந்தது. புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லா ஏரியும் வறண்டு கிடந்த படங்கள் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தன. எங்கள் தெரு முனைக் கறுப்புத் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நள்ளிரவில் வந்தாலும் குடத்தோடு ஓட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவது எட்டாம் மாதத்தில் எனக்கு முடிகிற காரியம் இல்லை. கணவருக்கு கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட். அத்தைக்கு முட்டி வலி.

பக்கத்து வீட்டு மீன்கார அக்காதான் முதலில் சத்தம் போட்டார். "மாசமா கீற பொண்ணு லைன்ல நிக்கக் கூடாது, சொல்ட்டேன். இது கொடத்த நான் புடிச்சுக்கிறேன்." அவர் காலை மூன்று மணிக்கே காசிமேட்டுக்குப் போய் மீன் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்பவர். அந்த உழைப்புக்கு நடுவில் எனக்காகவும் குடம் தூக்கினார். பிறகு தெருவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து எங்கள் இரண்டு குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சர்க்கரை மாத்திரை இல்லாமலே கட்டுக்குள் நின்றதற்கு என் நடையை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பெண்கள் தூக்கிய பாரம் அதில் இருக்கிறது.

ஆகஸ்டில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் மகள் பிறந்தாள். வலி வந்தும் பிள்ளையின் இதயத்துடிப்பு குறைந்ததால் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. "இவ்ளோ நடந்தும் ஆபரேஷனா?" என்று உறவில் சிலர் கேட்டார்கள். நடப்பது சுகப்பிரசவத்துக்கு வாங்கும் சீட்டு அல்ல. என் சர்க்கரை அடங்கியிருந்தது, பிள்ளை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நல்லபடியாக இருந்தாள், மறுநாள் காலையில் என்னால் எழுந்து நிற்க முடிந்தது. நடந்ததற்குப் பலன் அது.

மறுநாளே எழுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பே, படுத்தபடி பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டேயிருக்கச் சொன்னார்கள்; காலில் ரத்தம் உறையாமலிருக்க அது. இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அணைத்துக்கொண்டு இருமு. எழும்போது நேராக எழாதே, பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழு. ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதே. ஒரு வெள்ளைத் தாளில் ஏதும் எழுதித் தரவில்லை, வாயால் சொன்னார்கள். அம்மாதான் எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நைந்த பருத்திப் புடவையைக் கிழித்து என் வயிற்றைக் கட்டினார். பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே, வயிறு தொங்கிடும் என்றார். நாற்பது நாள் எந்த வேலையும் செய்ய விடவில்லை. அந்த நாற்பது நாள் ஓய்வை எங்கள் பாட்டிகள் கண்டுபிடித்த மிக நல்ல விஷயங்களில் ஒன்றாக நினைக்கிறேன். ஆனால் தண்ணீரைக் குறைப்பது தவறு. மலம் இறுகும், முக்க வேண்டியிருக்கும், ஏற்கனவே தளர்ந்திருக்கும் அடிப்பகுதித் தசைகள் இன்னும் தளரும். புடவைக் கட்டு முதுகுக்குக் கொஞ்சம் ஆதரவு தரலாம். தசையை அது வலுவாக்காது. மிக இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழேதான் இறங்கும்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் சர்க்கரையை மறுபடி பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். கர்ப்பத்தோடு சர்க்கரை இறங்கினாலும் பிற்காலத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தச் சோதனையை விடக் கூடாது. நல்லபடியாக இருந்தது. அப்படியே பிசியோ பிரிவில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கித் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தார் அந்த மேடம். வயிற்றின் இரண்டு பக்கத் தசைகளுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. பலருக்கும் விழும், மெல்லச் சேரும், அதுவரைக்கும் மல்லாந்து படுத்துத் திடீரென்று எழும் பயிற்சிகள் வேண்டாம் என்றார். பிறகு கேட்டார், "இருமினா, தும்மினா சிறுநீர் வருதா?"

என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை தூளி மாதிரி கட்டியிருக்கும் தசைகள் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்குகின்றன. ஒன்பது மாதக் கனத்தை அவை சுமக்கின்றன. ஆபரேஷன் ஆனாலும் சுமந்தது சுமந்ததுதான். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளே மேலே இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, முழுசாக விட வேண்டும். பழகப் பழகப் பத்து எண்ணலாம். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது, சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. 1948-இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதால் இந்தப் பயிற்சி அவர் பெயரிலேயே வழங்குகிறது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். காசு வேண்டாம், இடம் வேண்டாம், யாருக்கும் தெரியவும் தெரியாது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. ராயபுரம் மண்டலத்தில் தொற்று எண்ணிக்கை நகரத்திலேயே அதிகமாகப் போய்க்கொண்டிருந்த நாட்கள். கோயிலை மூடிவிட்டார்கள். சாயங்காலம் பெண்கள் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள், அவரவர் மாடியில் நடந்தார்கள், சுவருக்குச் சுவர் பேசினார்கள். பால் கொடுத்துவிட்டு மகளை அத்தையிடம் விட்டு நானும் நடந்தேன். மீன் வியாபாரம் நின்றுபோனதால் அக்காவும் வந்தார். அவர் அப்படிச் சும்மா நடந்து நான் அதற்குமுன் பார்த்ததேயில்லை.

ஒருநாள் பிசியோ மேடம் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். அக்கா நடப்பதை நிறுத்தி, சுவரோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எப்பவும் வரும். கூடைய தூக்குனா வரும். பெரியவ பொறந்ததுலேந்து இப்டித்தான். புள்ள பெத்தா எல்லாருக்கும் அப்டித்தானே?"

பெரியவளுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல். பிள்ளை பெற்று மாதம் திரும்புவதற்குள் தலையில் கூடை ஏறிவிட்டது என்றார். எங்களுக்குக் கிடைத்த நாற்பது நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு, வியாபாரத்துக்குக் கிளம்பினால் வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், சித்திரை வெயிலிலும் அப்படியே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். எனக்காகக் குடம் தூக்கிய ராத்திரிகளிலும் அப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

மாடிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஐந்து எண்ணினோம். ஊரடங்கு தளர்ந்ததும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பயிற்சியை விடாமல் செய்யுங்கள், தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள், முடிந்தால் பாரத்தைக் குறையுங்கள் என்றார்கள். சில மாதத்தில் கசிவு பாதியாகக் குறைந்தது. கடனை வாங்கி ஒரு தள்ளுவண்டி போட்டார்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது, தகரத் தடுப்புகள் போயின. அக்கா இப்போது வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார், குடிக்கிறார். அவருடைய சண்டை இப்போது வேறு. "தண்ணி குடி, குடின்னு சொல்றீங்களே, டோல்கேட்லேந்து தேரடி வரைக்கும் ஒரு பொம்பளை போறதுக்கு எங்கடி கக்கூஸ் கீது?" என்று என்னைக் கேட்டார். வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். முதல் கையெழுத்து அவருடையது.